வீமனின் காது நுனியில் எடுத்த இரத்தம்

நாயின் இரத்தத்தை எடுத்து மலேரியாக் கந்தோருக்கு அனுப்பியவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊர்ப்பக்கம் போகும்போதெல்லாம் இந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். ஒருவர் இது என் தம்பியின் வேலை என்கிறார். தம்பிக்கு அப்போது நாலு வயது, அவன் மூக்கைத் துடைக்கவே இன்னொருவர் வேண்டும். மற்றொருவர் அப்படி எதுவும் நடக்கவில்லை, யாரோ கட்டிவிட்டது என்கிறார். நடந்தது. நான் அங்கே இருந்தேன். எனக்குப் பதினொரு வயது.

என்னோடு ஒத்த வயதுக்காரர்கள் நீங்கள் எல்லோரும் இப்போது சீனி வருத்தத்துக்கும் முழங்கால் வலிக்கும் மருந்து எடுத்துக்கொண்டிருப்பீர்கள். என்ன வருத்தம் என்று போனாலும், முதலில் இரத்தத்தைச் சோதித்துக்கொண்டு வாருங்கள் என்றுதானே டொக்டர்மார் திருப்பி அனுப்புகிறார்கள். அந்தப் புத்தி எனக்குப் பதினொரு வயதிலேயே வந்துவிட்டது என்று இந்த வயதில் பெருமையடித்துக்கொள்கிறேன். கேட்டுக்கொண்டிருங்கள்.

நெளுக்குளத்தில் எங்கள் காணி குளக்கட்டுக்குக் கீழே இருந்தது. அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்து, காடு வெட்டி, வேர் பிடுங்கி வயலாக்கியவர். அந்தக் காலத்து வன்னியில் காய்ச்சல் என்றால் மலேரியாதான். உங்களுக்கு நினைவிருக்கும், மலேரியாக்காரர்கள் வீட்டுக்கு வீடு கதவு நிலையில் இலக்கம் எழுதிவிட்டுப் போவார்கள். மருந்தடிக்க வரும் நாளில் பானை சட்டி எல்லாவற்றையும் தூக்கி வளவில் வைக்க வேண்டும். சுவரில் அடித்த மருந்து காய்ந்து வெள்ளைத் திட்டுத் திட்டாகத் தெரியும். அந்த நாற்றம் ஒரு கிழமைக்குப் போகாது. புட்டு அவித்தால் புட்டும் அதே மணம் மணக்கும்.

எங்கள் குடியேற்றத்தில் காய்ச்சல்காரருக்கு இரத்தம் எடுக்கும் தொண்டர் அம்மாதான். அதற்காக ஒரு நீலத் தகரப் பெட்டி கொடுத்திருந்தார்கள். உள்ளே கண்ணாடித் துண்டுகள், விரல் குத்தும் ஊசிகள், பஞ்சு, ஸ்பிரிட் போத்தல், நாக்கில் பட்டால் நாள் முழுக்கக் கசக்கும் குளிசைகள், ஒரு கட்டுப் படிவம். யாருக்குக் குளிரும் நடுக்கமும் வந்தாலும் போர்வையைப் போர்த்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். அம்மா விரலைக் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடியில் தடிப்பாக வைப்பார். அடுத்த சொட்டை இன்னொரு கண்ணாடியின் விளிம்பால் இழுத்து மெல்லிதாகப் பரப்புவார். படிவத்தை நான் நிரப்புவேன், ஏனென்றால் அம்மாவின் எழுத்தை அம்மாவாலேயே வாசிக்க முடியாது. பெயர், வயது, ஆணா பெண்ணா, வீட்டு இலக்கம், எத்தனை நாள் காய்ச்சல். வியாழக்கிழமைகளில் மலேரியாக்காரர் சைக்கிளில் வந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வவுனியாவுக்குப் போவார். அங்கே கந்தோரில், அதாவது மலேரியா அலுவலகத்தில், நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள்.

அம்மாவுக்குக் கை ஓயாத நாட்களில் நானும் இரத்தம் பரப்பியிருக்கிறேன். என் கை அம்மாவின் கையை விட நேர்த்தி. இதை அம்மாவே பலர் முன்னால் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இனி வீமன். வீமனும் தம்பியும் ஒரே மாதத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள். தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து, வீமன் ஒரு லொறிக்காரரின் சாக்கிலிருந்து. மண்ணிற உடம்பு, நெஞ்சில் வெள்ளை, ஒரு காது எப்போதும் மடிந்திருக்கும். கதிர் முற்றும் காலத்தில் காட்டுப்பன்றி வயலுக்குள் இறங்கினால் அப்பா எழும்புவதற்கு முன் வீமன் வரம்பில் நிற்பான். அவன் காட்டுக்குள் போய்வந்தால் உடம்பெல்லாம் உண்ணி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவனைப் பிடித்துவைத்து உண்ணி பிடுங்குவது எனக்கும் தம்பிக்கும் விளையாட்டு. இரத்தம் குடித்து ஊதியவை ஆமணக்கங்கொட்டை போலவே இருக்கும். சிரட்டையில் மண்ணெண்ணெய் விட்டு அதற்குள் ஒவ்வொன்றாகப் போடுவோம். அந்த உண்ணி நாயின் உடம்புக்குள் எதையாவது விட்டுப் போகும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அது கடிக்கும், சொறிய வைக்கும், அவ்வளவுதான் என்று இருந்தோம்.

சிறுபோகம் வெட்டி முடிந்து வெயில் கொளுத்திய பள்ளிக்கூட விடுமுறையில் அவன் படுத்துவிட்டான். ஞாயிறு சோற்றை மணந்துவிட்டு விட்டுவிட்டான். திங்கள் எழும்பவில்லை. செவ்வாய் எழும்பி நடந்தபோது பின்கால் இழுபட்டது. வேலியோரம் மூத்திரம் போனான், அது கடும் சாயத் தேத்தண்ணீர் நிறம். தம்பி பாவம், தன் பங்குப் புட்டை உருட்டி வீமனின் வாய்க்குள் திணித்திருக்கிறான். கையை இழுத்தபோது பல் கீறி இரத்தம் வந்தது.

புதன்கிழமை குடியேற்றச் சங்கத் தலைவர் வந்தார். பன்றிக்குக் காவலாக வைத்திருந்த துவக்கு அவரிடம்தான் இருந்தது, அதோடு ஊரில் எதற்கும் முடிவு சொல்லும் உரிமையும் அவரிடம்தான் இருந்தது. பக்கத்துக் குடியேற்றத்தில் கொஞ்ச நாளைக்கு முன்தான் விசர் நாய் கடித்து ஓர் ஆள் இறந்திருந்தார். அந்தச் சாவை நேரில் பார்த்தவர் தலைவர். அதற்குப் பிறகு நாய் தும்மினாலும் அவருக்கு விசர்தான்.

வளவில் தள்ளி நின்று பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்.

"இது விசர்தான் தம்பி. வாயால வீணி வடியுது. பின்னங்கால் இழுபடுது. தண்ணியைக் காட்டினா முகத்தைத் திருப்புது. இதுக்கு மேல என்ன வேணும்?"

அப்பா தம்பியின் கையைப் பார்த்தார். "என்ன அண்ணை செய்யிறது?"

"பொடியனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போடுங்கோ. நாயைப் பாலை மரத்தில கட்டு. ஒருத்தரும் கிட்டப் போகப்படாது. வெள்ளி காலமை துவக்கோட வாறன்."

குசினிக்குள் நின்ற அம்மா வெளியே வந்தார். அம்மா ஆம்பிளைகளின் கதைக்குள் அதிகம் வராதவர். "வெள்ளிக்கிழமை என்ர வளவுக்குள்ள உயிர் எடுக்க விடமாட்டன்" என்றார்.

வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் வீடுகளில் கோழியைக்கூட அறுப்பதில்லை, தலைவர் வீட்டிலும் அதே வழக்கம்தான். "அப்ப சனி விடிய" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா அந்த ஒரு நாளை வேண்டுமென்று வாங்கினாரா, வழக்கத்துக்குச் சொன்னாரா என்று நான் கடைசி வரை கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அந்த ஒரு நாள் இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

எங்கள் மிளகாய்த் தோட்டத்தில் கூலிக்கு வேலை செய்த ஓர் அக்கா இருந்தார். எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து தாய் தகப்பனோடு வந்து குளக்கட்டுக்கு அந்தப் பக்கம் கொட்டில் போட்டிருந்தவர்கள். இருபத்திரண்டு இருபத்து மூன்று வயதிருக்கும். அங்கே தேயிலைத் தோட்டத்துத் துரையின் பங்களாவில் நாய்களைக் குளிப்பாட்டிச் சாப்பாடு வைக்கும் வேலை அவருக்கு. புதன் பின்னேரம் வேலை முடிந்து போகும்போது அப்பாவிடம் வந்து நின்றார்.

"அய்யா, ஒண்ணு சொல்லலாமுங்களா. இது விசர் இல்லீங்க. உண்ணிக் காச்சல். பங்களாவுல ரெண்டு நாய்க்கு இதே மாதிரி வந்திச்சு. மூத்திரம் இப்புடித்தான் செவப்பாப் போச்சு."

அப்பா ஒரு நாளும் கூலியாட்களோடு கடுமையாகப் பேசாதவர். அன்று பேசினார். "பங்களாவில நாய் குளிப்பாட்டினா டொக்டராகேலாது பிள்ளை. பிள்ளையைக் கடிச்சிருக்கு. விளங்காத கதை கதையாதை."

அக்கா கடகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்பாவோடு நான் மூன்று நாள் கதைக்கவில்லை. இப்போது பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேட்டாலே எனக்குக் கைகால் ஓடுவதில்லை. அப்பா அன்று பயந்துபோயிருந்தார், அதுதான் உண்மை. பயந்த மனிதர் தனக்குத் தெரிந்த ஆளின் பேச்சைத்தான் நம்புவார். துவக்கு வைத்திருந்தவரை அவருக்குத் தெரியும், மிளகாய் பிடுங்குபவரைத் தெரியாது. பதினொரு வயதில் எனக்கு இது விளங்கவில்லை, கோபம் மட்டும்தான் இருந்தது.

வியாழன் காலை அம்மா தம்பியைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வவுனியாவுக்குப் போனார். தொப்புளைச் சுற்றி ஊசி. அவன் படலை வரைக்கும் கத்திய கத்து இன்றைக்கும் காதில் கேட்கிறது. அப்பா தூரத்து வயலில் கதிர் அடிக்கும் சூடடிப்புக்குப் போனார். போகும்போது, பாலை மரத்தடிக்குப் போனால் கால் முறிப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் வாசலில் இருந்து வீமனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் தலையை மண்ணில் வைத்தபடி என்னைப் பார்த்தான். வாலின் நுனி மட்டும் மெல்ல ஆடியது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அப்போது அக்கா தண்ணீர் குடிக்கக் கிணற்றடிக்கு வந்தார்.

"அக்கா, அது விசரில்லை எண்டு எப்பிடிச் சொல்லுறீங்கள்?"

"சும்மா பாத்துச் சொல்ல முடியாது தங்கச்சி. அங்க மாட்டு டாக்டரு வருவாரு. காது நுனியில குத்தி, ரத்தத்தைக் கண்ணாடியில தடவி எடுத்துக்கிட்டுப் போவாரு. ரத்தத்துக்குள்ள பூச்சி இருந்தா உண்ணிக் காச்சல்."

கண்ணாடி என்ற சொல்லைக் கேட்டதும் நான் எழும்பிவிட்டேன். "அந்தக் கண்ணாடி எங்களிட்ட இருக்கு" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு வயல் பக்கம் பார்த்தார். "அய்யாவுக்குத் தெரிஞ்சா எங்க வீட்டுல மூணு பேருக்கும் வேலை போயிரும் தங்கச்சி" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் அவர் போயிருப்பார் என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "ஒரு பழந்துணியும் சாக்கும் எடுத்துக்கிட்டு வா" என்றார்.

என்னைத் தூரத்திலேயே நிற்க வைத்துவிட்டு அவர் மட்டும் கிட்டப் போனார். துணியால் வீமனின் வாயைச் சுற்றிக் கட்டினார், சாக்கால் கழுத்துக்குக் கீழே சுற்றிப் பிடித்தார். அவன் உறுமக்கூட இல்லை. அக்கா உதட்டைத் தூக்கிக் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டிய பல் முரசு வெளுத்துப் போயிருந்தது. "வா இப்ப" என்றார். "கால்லயெல்லாம் எடுக்கக் கூடாது. காது நுனியிலதான் பூச்சி கூடக் கெடக்குமுன்னு டாக்டரு சொல்வாரு."

மடிந்திருக்கும் அந்தக் காதின் நுனியை ஸ்பிரிட்டால் துடைத்து அக்கா குத்தினார். வந்த இரத்தம் தண்ணீர் போல ஓடியது. அதைக் கண்ணாடியில் ஏந்தி, மற்றக் கண்ணாடியின் விளிம்பை வைத்து ஒரே இழுப்பில் பரப்பினேன். என் வாழ்க்கையில் நான் பரப்பியவற்றில் அதுதான் மிக நல்லது.

பிறகு படிவம். படிவம் இல்லாமல் மலேரியாக்காரர் கண்ணாடியைத் தொடமாட்டார். நான் உள்ளதை உள்ளபடியே எழுதினேன். பெயர்: வீமன். வயது: நாலு. ஆண். எங்கள் வீட்டு இலக்கம். காய்ச்சல் ஐந்து நாள். ஒரு பொய்யும் எழுதவில்லை. நாயா மனிதரா என்று படிவம் கேட்கவில்லை, கேட்காததைச் சொல்வது என் வழக்கமுமில்லை.

மத்தியானம் மலேரியாக்காரர் வந்தார். வேறு இரண்டு பேரின் கண்ணாடிகளோடு அதையும் கொடுத்தேன். படிவத்தை வாசித்தார்.

"வீமனோ? ஆர் பிள்ளை இது?"

"எங்கட வீட்டு ஆள்தான். எழும்பேலாமக் கிடக்கு. கெதியாப் பாக்கச் சொல்லுங்கோ."

"பாப்பினம், பாப்பினம்" என்று சைக்கிளை மிதித்தார். வழக்கமாக முடிவு வர ஒரு கிழமையாகும். எனக்கு இருந்தது ஒன்றரை நாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. அம்மா தலை முழுகி விளக்கேற்றினார். நானும் கும்பிட்டேன். ஜீப் வர வேண்டும் என்று கும்பிடவில்லை, ஜீப் வரும் என்றே எனக்குத் தெரியாது. தலைவருக்குக் காய்ச்சல் வர வேண்டும் என்று கும்பிட்டேன். வீமன் தலையைத் தூக்குவதையும் விட்டுவிட்டான். ஈ மொய்த்தது, காதை அசைக்கவில்லை.

பத்து மணிபோல் மலேரியாக் கந்தோர் ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு எங்கள் படலையில் வந்து நின்றது. முன்னால் மலேரியாக்காரர் இறங்கினார். பின்னால் மெலிந்த உயரமான ஒருவர், தடித்த மூக்குக்கண்ணாடி. நுணுக்குக்காட்டியில் பார்ப்பவர் அவர்தான். ஓட்டமும் நடையுமாக உள்ளே வந்தார்.

"வீமன் எண்ட பிள்ளை எங்கயம்மா? நாலு வயசு."

அம்மாவின் முகம் மாறிவிட்டது. வீட்டில் நாலு வயதில் இருந்த ஒரே பிள்ளையை இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டார். வந்தவர் தம்பியின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். இன்னொரு ஊசி என்று நினைத்து அவன் வீறிட்டான்.

"இவன் இல்லை" என்றார் அவர். "இவனுக்கு நல்ல இரத்தம். நான் பாத்த இரத்தத்துக்குரிய பிள்ளை இப்ப எழும்பி நிக்கவே ஏலாத பிள்ளை."

"நிக்கேலாமத்தான் கிடக்குது" என்று நான் பாலை மரத்தைக் காட்டினேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அப்பா என்னை நோக்கிக் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். நான் ஓடவில்லை. ஆனால் அந்தக் கை என் கன்னத்துக்கு வருவதற்கு முன், மூக்குக்கண்ணாடிக்காரர் எங்கள் உரலில் இருந்துகொண்டு சிரிக்கத் தொடங்கிவிட்டார். அப்படி ஒரு சிரிப்பு. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். விருந்தாளி சிரிக்கும்போது பிள்ளையை அடிப்பது எப்படி? அப்பா கையை இறக்கிவிட்டார்.

"எனக்கு நேற்று நித்திரையில்லை" என்றார் அவர். "இருபது வருசமா மனுசற்ற இரத்தம் பாக்கிறன். மலேரியாப் பூச்சி மோதிரம் மாதிரி இருக்கும். இது வேற. நாலு வயசுப் பிள்ளைக்குப் புது வருத்தம் ஒண்டு வந்திட்டுது, ஊரெல்லாம் பரவப்போகுது எண்டு பயந்து ஓடி வாறன்."

என் கொப்பியை வாங்கிப் பென்சிலால் கீறிக் காட்டினார். ஒரு வட்டம், அதுதான் சிவப்பணு. அதற்குள் சின்னக் கத்தரிக்காய் இரண்டை முனையோடு முனை சேர்த்து வைத்தது போல இரண்டு பூச்சி. அந்தக் கொப்பியை நான் பதினைந்து வருடம் வைத்திருந்தேன். இடம்பெயர்ந்தபோது எங்கேயோ போய்விட்டது. அதை நினைத்தால் போன நகையை விட எனக்கு வயிறு எரியும்.

"இதை எடுக்கச் சொன்னது ஆர்?" என்று கேட்டார்.

என்னைத்தான் கேட்டார். நான் அக்காவைப் பார்த்தேன். மிளகாய்ப் பாத்தியில் கடகத்தோடு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் கடகத்தை இறக்கிவைத்துவிட்டு நேரே வந்தார்.

"நாந்தாங்க சொன்னேன். தங்கச்சிய அடிக்காதீங்க. இது உண்ணிக் காச்சல். மாட்டு டாக்டருகிட்ட மருந்து இருக்கும்."

"அவர் சொல்லட்டும். எனக்கு நாயைப் பற்றித் தெரியாது" என்றார் மூக்குக்கண்ணாடிக்காரர். "ஆனா இந்த இரத்தத்தில பூச்சி இருக்குது, அது எனக்குத் தெரியும். வாங்கோ, ஜீப்பில போவம்."

சாரதி, விசர் நாயை ஏற்ற மாட்டேன் என்று இறங்கி நின்றுவிட்டார். அக்கா வீமனைச் சாக்கோடு தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினார். நானும் ஏறினேன். கடைசியில் அப்பாவும் ஏறினார். அப்பா ஏறியபின் சாரதியும் ஏறினார்.

வவுனியாவில் மாட்டு டொக்டர், கந்தோரிலிருந்து எடுத்துவந்த என் கண்ணாடியை நுணுக்குக்காட்டியில் வைத்தார், குனிந்தார், நிமிர்ந்தார். ஒரு வெற்றிலை மடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. "உண்ணிக் காய்ச்சல். கண்ணாடி நல்லாப் பரப்பியிருக்கு, ஆர் செய்தது?" என்றார். உங்களுக்குச் சொல்கிறேன், பிறகு பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பரிசு வாங்கியிருக்கிறேன். ஒன்றும் அந்தக் கேள்விக்குக் கிட்ட வராது. நான் என்று சொல்ல வாய் வரவில்லை. அப்பாதான், "என்ர மகள்" என்றார்.

மருந்து இருந்தது. மாடுகளுக்கு இதே வருத்தம் வரும்போது தண்ணீரில் கரைத்து ஊசியாகப் போடும் மஞ்சள் நிறத் தூள். ஆனால் மாட்டுக்குப் போடும் கணக்கில் நாய்க்குப் போட முடியாது. "நிறை தெரியவேணும். கூடினா மூளையில பிடிக்கும், குறைஞ்சா பூச்சி சாகாது" என்றார் டொக்டர். நாயை நிறுக்க அங்கே ஒன்றுமில்லை. எதிரே நெல் வாங்கும் கடையில் மூட்டை நிறுக்கும் தராசு இருந்தது. கடைக்காரர் முதலில் முகத்தைச் சுளித்தார், பிறகு வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்ததும் தானே தராசைத் துடைத்துவிட்டார். அக்கா வீமனைத் தூக்கிக்கொண்டு தட்டில் ஏறினார். அறுபத்து மூன்று கிலோ. வீமனை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு மறுபடி தனியே ஏறினார். நாற்பத்தைந்து. "பதினெட்டு" என்று நான் கத்தினேன். வீமனை ஏந்திக்கொண்டு அப்பா அந்தச் சந்தைத் தெருவில் நின்றார். தொடக்கூடாது என்று சொன்ன நாயை மார்போடு அணைத்திருந்தார்.

டொக்டர் தொடையில் ஊசி போட்டார். "பத்து நாள் கட்டி வைச்சுப் பாருங்கோ. விசரெண்டா பத்து நாள் தாங்காது. அதுவரைக்கும் பொடியனுக்கு ஊசியை நிப்பாட்டாதேங்கோ" என்றார்.

"நாளைக்கு விடிய வெடி வைக்க வருகினம்" என்றேன் நான்.

டொக்டர் அப்பாவைப் பார்த்துவிட்டு ஒரு கடுதாசி எழுதிக் கொடுத்தார்.

சனிக்கிழமை சொன்னபடியே தலைவர் வந்தார். தோளில் துவக்கு, பின்னால் ஏழெட்டுப் பேர். அப்பா படலைக்கு வெளியே போய் வழியில் நின்றார். அப்பா யார் வழியிலும் நின்று நான் அதுவரை பார்த்ததில்லை.

"அண்ணை, இது விசரில்லை. இரத்தத்தில பூச்சி. மாட்டு டொக்டர் கடுதாசி தந்திருக்கிறார்."

"கடுதாசியை வைச்சு நான் என்ன செய்யிறது? நாளைக்கு இது அறுத்துக்கொண்டு போய்ப் பிள்ளையளைக் கடிச்சா கடுதாசி வந்து மறிக்குமோ?" என்றார் தலைவர். "விசர் நாய் தண்ணி குடியாது. இது குடிச்சா நான் போறன். குடிக்காட்டி நீ விலகு."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் வீமன் நாலு நாளாகத் தண்ணீர் தொடவில்லை. நேற்று ஊசி போட்டபிறகும் தொடவில்லை. விடிந்ததிலிருந்து நான் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன், மூச்சு விடுகிறான் என்பதைத் தவிர வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை.

அக்கா அன்று வேலைக்கு நேரத்தோடு வந்திருந்தார். ஒருவரும் சொல்லாமலே மண்சட்டியில் கிணற்றுத் தண்ணீர் அள்ளிக்கொண்டுபோய் வீமனின் முன்னால் வைத்தார். வைத்துவிட்டுப் பக்கத்திலேயே குந்தியிருந்தார். வளவு முழுக்க ஆட்கள். தலைவர் துவக்கைத் தோளிலிருந்து இறக்கிக் கையில் பிடித்தார்.

வீமன் அசையவில்லை. அக்கா விரலைத் தண்ணீரில் நனைத்து அவன் மூக்கில் வைத்தார். நக்கினான். மறுபடி நனைத்து வைத்தார். மறுபடி நக்கினான். பிறகு முன்காலை ஊன்றித் தலையைத் தூக்கினான். தலை ஆடியது. தலையைச் சட்டிக்குள் விட்டான், நாக்கு தண்ணீரில் அடிக்கும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. குடித்தான். நிறுத்தி மூச்சு வாங்கினான். மறுபடி குடித்தான். சட்டியின் அடியைச் சுரண்டும் வரைக்கும் குடித்தான்.

நான் யன்னலால் குதித்து ஓடினேன். கால் முறிப்பேன் என்று சொன்ன அப்பா படலையில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தலைவர் துவக்கை மடித்துத் தோட்டாவை வெளியே எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அப்பா அக்காவிடம் வந்தார்.

"நான் பிழை விட்டிட்டன் பிள்ளை. அண்டைக்கு நீ சொன்னதை நான் கேட்டிருக்க வேணும்."

"சரிங்க அய்யா" என்றார் அக்கா. "அவனுக்குக் கொஞ்சம் கஞ்சி வைக்கச் சொல்லுங்க. உப்புப் போடாம." பிறகு கடகத்தை எடுத்துக்கொண்டு மிளகாய்ப் பாத்திக்குப் போனார்.

பத்து நாளும் வீமன் கயிற்றில் நின்றான். பத்தாம் நாள் கயிற்றை அறுத்துக்கொண்டு அயல்வீட்டுக் கோழியைத் துரத்தினான். தம்பியின் ஊசியும் அத்தோடு நின்றது. அவன் இப்போது பிறநாட்டில் இருக்கிறான், கொஞ்சம் சாராயம் உள்ளே போனால் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டி இந்தக் கதையில் தன் பங்கைப் பெரிதாக்கிச் சொல்வான். அதனால்தான் ஊரில் இது அவன் கதையாகிவிட்டது. ஊசி வாங்கியது அவன், ஒத்துக்கொள்கிறேன். கண்ணாடி பரப்பியது நான்.

கதை இத்தோடு முடிந்திருந்தாலே எனக்குப் போதும். ஆனால் அடுத்த மாதம் குடியேற்றத்தில் நாய்கள் ஒவ்வொன்றாகப் படுக்கத் தொடங்கின. ஒருவரும் துவக்கைப் பற்றிப் பேசவில்லை. மாட்டு டொக்டர் மலேரியாக்காரரின் சைக்கிளில் அக்காவின் பெயருக்கு ஒரு பெட்டிக் கண்ணாடி கொடுத்தனுப்பினார். ஞாயிறு காலையில் எங்கள் வளவில் நாய்களுக்கு இரத்தம் எடுப்பது என்று முடிவானது. அப்பா வீட்டுக்குள் இருந்து கதிரையைத் தூக்கிவந்து மர நிழலில் அக்காவுக்குப் போட்டார். நான் பக்கத்தில் பலகையில் இருந்தேன். முதல் ஞாயிறு ஒன்பது நாய் வந்தது. குடியேற்றத்துப் பெரிய மனிதர்கள் எல்லோரும், அக்காவைக் கண்டால் மறுபக்கம் பார்த்துப் போனவர்கள், நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். யாராவது முந்தப் பார்த்தால் அக்கா நிமிர்ந்தே பார்க்கமாட்டார், "வரிசையில வாங்க" என்பார். அவர்கள் பின்னால் போவார்கள்.

கடைசியில் வந்தவர் சங்கத் தலைவர். அவருடைய வேட்டை நாயால் நடக்க முடியவில்லை. அந்த வெயிலில் குளக்கட்டு நீளம் அதைத் தோளில் தூக்கி வந்திருந்தார், சட்டையெல்லாம் வேர்வையும் நாய் மயிரும். தன் முறை வரும் வரைக்கும் நின்றார். இருக்கச் சொல்லி அப்பா கேட்டும் இருக்கவில்லை.

"வாயைப் புடிச்சுக்கங்க அய்யா" என்றார் அக்கா.

தலைவர் மண்ணில் முழங்கால் ஊன்றி இரண்டு கையாலும் வாயைப் பிடித்தார். அக்கா காதைத் துடைத்துக் குத்தினார். நாய் அசையவில்லை, தலைவர்தான் கண்ணை இறுக மூடிக்கொண்டார். நான் இரத்தத்தை ஏந்திப் பரப்பினேன். அவர் கண்ணைத் திறந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தப்புமோ பிள்ளை?" என்று கேட்டார்.

அக்கா நாயின் உதட்டைத் தூக்கி முரசைப் பார்த்தார். அவசரப்படாமல் பார்த்தார்.

"தப்பிக்கும் அய்யா" என்றார். "நேரத்தோட கொண்டாந்திருக்கீங்க."